ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோக்கள்: மூன்று மாதம் செய்து பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர்கள் ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டாவின் அந்தப் பிரபலமான 1982 உடற்பயிற்சி வீடியோவில் ஆரம்பிக்க வேண்டாம். அவரே 2010-இல் வயதானவர்களுக்கென்று தனியாக வெளியிட்ட வீடியோக்களில் ஆரம்பியுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன், அதனால் ஒரு மாதம் வீணாகப் போனது.

எனக்கு வயது 53. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் ஒரு வருடத்துக்கான பணத்தைக் கட்டி, அங்கே இருந்த பையன் என் வயதையோ முழங்காலையோ பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் நேராக ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டு செல்போனைப் பார்க்க ஆரம்பித்ததும், இனி வீட்டு ஹாலிலேயே பாய் விரித்துச் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அப்போது ஞாபகம் வந்தது இந்த அம்மாள்தான்.

1982 வீடியோவைப் பார்த்தால் இன்றைக்கும் உற்சாகம் வருகிறது, அதை மறுக்க மாட்டேன். கோடு போட்ட உடை, பின்னால் வரிசையாக ஆட்கள், அதில் ஆண்களும் உண்டு, எண்ணிக்கொண்டே போகிற குரல். புதியவர்களுக்கு ஒரு பகுதி, தேறியவர்களுக்கு இன்னொரு பகுதி. கை, இடுப்பு, வயிறு, தொடை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போவார். அப்போது அவருக்கு வயது 44, நல்ல கதாநாயகி வேடங்கள் குறைய ஆரம்பிக்கிற வயது. இரண்டு ஆஸ்கர் வாங்கிய நடிகை அந்த வயதில் வியர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு கேமரா முன்னால் காலைத் தூக்கிக் காட்டியது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. அந்த கேசட்டின் விலை 59.95 டாலர். வீட்டில் வீடியோ பிளேயரே இல்லாத பல குடும்பங்கள் இதற்காகவே ஒன்று வாங்கின என்பார்கள். அந்த வரிசையில் வந்த எல்லா வீடியோக்களும் சேர்ந்து ஒரு கோடியே எழுபது லட்சம் பிரதிகள் விற்றன.

ஆனால் பயிற்சியாக எடுத்துக்கொண்டால் குறைகள் நிறைய. உடம்பை நீட்டும்போது குலுக்கிக் குலுக்கி நீட்டச் சொல்கிறார், இன்றைய பயிற்சியாளர்கள் அதைப் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. வேகமும் அதிகம், ஒரு அசைவு பிடிபடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தசையில் எரிச்சல் வரும்வரை செய் என்பதுதான் அந்தக் காலத்து மந்திரம். இரண்டாவது வாரத்தில் எனக்கு இடது முழங்கால் வீங்கி, பத்து நாள் மாடிப்படி ஏற முடியவில்லை.

படுத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளில்தான் இவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பேட்டிகளைப் பார்த்தேன். அப்புறம் அந்த வீடியோவை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. சிறு வயதில் தொடங்கி நாற்பதை நெருங்கும் வரை அவருக்குச் சாப்பிட்டதை வாந்தியெடுக்கிற உணவுக் கோளாறு இருந்திருக்கிறது. அப்பா ஹென்றி ஃபோண்டா பெரிய நடிகர், மகளின் உடம்பைப் பற்றி வீட்டில் கிடைத்த விமர்சனம் மனதில் தங்கிவிட்டது என்று ஜேனே சொல்லியிருக்கிறார். அம்மா தற்கொலை செய்துகொண்டபோது ஜேனுக்கு வயது 12. பல வருடங்கள் கழித்து அம்மாவின் மருத்துவமனைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான், அம்மா சிறுமியாக இருந்தபோது பாலியல் கொடுமைக்கு ஆளானவர் என்பது அவருக்குத் தெரிய வருகிறது. தன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று உள்ளுக்குள் இருந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது என்கிறார். உலகத்துக்கே ஆரோக்கியம் சொல்லிக்கொடுத்த ஒரு பெண் தன் உடம்போடு இத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறார் என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. நம்மில் எத்தனை பேர் கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையை முப்பது வருடமாகச் சுமக்கிறோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி முறையின் அடித்தளம் லெனி காஸ்டன் என்ற ஆசிரியையுடையது. ஒரு படப்பிடிப்பில் கால் எலும்பு முறிந்து, வழக்கமான பாலே பயிற்சியைத் தொடர முடியாமல் போனபோதுதான் ஜேன் இவருடைய வகுப்புக்குப் போனார். 1979-இல் பெவர்லி ஹில்ஸில் ஸ்டுடியோ திறந்ததும், வருமானம் அப்போதைய கணவர் டாம் ஹேடனோடு சேர்ந்து நடத்திய அரசியல் இயக்கத்துக்குப் போனதும் பலருக்குத் தெரிகிறது, லெனியின் பெயர் தெரிவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

சரி, 2010 வீடியோக்களுக்கு வருகிறேன். அப்போது அவருக்கு 72 வயது. ஒன்றில் சின்ன டம்பெல்லை வைத்துக்கொண்டு தசைக்குப் பலம் தருகிற அசைவுகள், இன்னொன்றில் வீட்டுக்குள்ளேயே நடக்கிற பயிற்சி. நிதானமாகச் சொல்லிக்கொடுக்கிறார். வாழ்க்கையில் இடுப்பு மூட்டையும் முழங்காலையும் மாற்றிக்கொண்டவர், அதனால் எங்கே வலிக்கும் என்று அவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு வருகிறது. ஜிம்மில் அந்தப் பையன் கேட்காத கேள்விக்கெல்லாம் இங்கே பதில் கிடைத்த மாதிரி இருந்தது. நான் டம்பெல் வாங்கவில்லை, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதுமாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது, ஆனால் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்துவிடுகிறேன். எனக்கு அதுதான் பெரிது.

2011-இல் அவர் வயது முதிர்வதைப் பற்றிப் பேசிய ஒரு பதினொரு நிமிட உரை இருக்கிறது, வீடியோவோடு அதையும் சேர்த்தே பாருங்கள் என்பேன். நம் கொள்ளுத் தாத்தா பாட்டியைவிட நாம் சராசரியாக 34 வருடம் அதிகமாக வாழ்கிறோம், ஆனால் வாழ்க்கையை இன்னும் நடுவயதில் உச்சிக்குப் போய் அப்புறம் சரிகிற வளைவாகவே நினைக்கிறோம் என்கிறார். அவர் அதைப் படிக்கட்டாகப் பார்க்கச் சொல்கிறார், உடம்பு தளர்ந்தாலும் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கலாம். ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் குறைகிறது என்ற ஆய்வு முடிவையும் சொல்கிறார். என் விஷயத்தில் அது நிஜம். முப்பதில் இருந்த பயம் எனக்கு இப்போது இல்லை.

வெறும் பேச்சு என்றால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். 1991-இல் சிஎன்என் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னரைக் கல்யாணம் செய்துகொண்டு நடிப்பை விட்டவர், 2005-இல் 67 வயதில் திரும்பி வந்தார். 2015-இல் நடிகை லில்லி டாம்லினோடு தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 2022 வரை ஏழு சீசன் ஓடியது, வயதான இரண்டு பெண்கள்தான் அதில் நாயகிகள். அதே 2022-இல் தனக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சொன்னார், டிசம்பரில் அது கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவித்தார். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை மறைக்காமல் சொல்லி, அதில் தனக்குப் பெருமை இல்லை என்றும் சொன்னார். அவரைப் பற்றி 2018-இல் வந்த ஆவணப்படம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் நான்குக்கும் தலைப்பு ஆண்களின் பெயர், அப்பா ஒன்று, கணவர்கள் மூன்று. ஐந்தாவதுக்குத்தான் ஜேன் என்று வைத்திருக்கிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு: விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில்தான், இருந்தாலும் பார்த்தே செய்துவிடலாம். மூட்டு வலி, முதுகு வலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், நான் முழங்கால் வீங்கிய பிறகுதான் போனேன். முதல் மாதம் நடைப் பயிற்சி மட்டும், இரண்டாவது மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் பாட்டிலோடு. பாய் வழுக்கும், அடியில் ஒரு பழைய ஜமுக்காளம் போட்டுக்கொள்ளுங்கள். 1982 வீடியோவில் கை அசைவுப் பகுதி மட்டும் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறேன், அந்த இசைக்காகவும் அவருடைய அந்த 44 வயது முகத்துக்காகவும்.