விட்பியருக்கு எந்த ஈஸ்ட்?

கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுவிட்டால் விட்பியர் (பெல்ஜிய பாணிக் கோதுமை பீர்) வந்துவிடும் என்று நம்பித்தான் நானும் வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்தேன். வந்தது கொத்தமல்லி வாசமடிக்கும் கோதுமை பீர், அவ்வளவுதான். குவளையை மூக்கருகே கொண்டுபோனதும் எழும் மிளகு, கிராம்பு வாசத்தில் பெரும்பங்கு ஈஸ்ட்டின் வேலை. தானியத்திலிருக்கும் ஃபெருலிக் அமிலத்தைக் கிராம்பு மணமாக மாற்றும் திறமை சாதாரண ஏல் (ஓரளவு சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட்டுகள் பலவற்றுக்குக் கிடையாது.

திரவ ஈஸ்ட்டில் பலர் தேடிப்போவது வையீஸ்ட் 3944, ஒயிட் லேப்ஸ் டபிள்யூஎல்பி400 இரண்டையும்தான். இரண்டிலும் மசாலா வாசமும் லேசான புளிப்பும் உண்டு. 400-இல் கிராம்பு சற்றுத் தூக்கலாகத் தெரிகிறது, 3944 கொஞ்சம் அடக்கம். எனக்கு 3944 பிடிக்கும். ஆனால் இது பொங்கும் பாருங்கள்! முதல் தடவை கலனைக் கழுத்துவரை நிரப்பிவைத்தேன். காலையில் ஏர்லாக் (வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பு) ஒரு மூலையில் கிடந்தது, சுவரெல்லாம் பழுப்பு நுரை. தப்பு என்னுடையது. கலனில் கால்பங்கு இடம் விடுங்கள், ஏர்லாக்குக்குப் பதிலாகத் தடித்த குழாய் மாட்டுங்கள்.

உண்மையான போட்டி உலர் ஈஸ்ட்டில்தான். ஃபெர்மென்டிஸின் டபிள்யூபி-06, டி-58 இரண்டில் எது? கோதுமை பீருக்கென்றே விற்கப்படுவதால் எல்லோரும் 06-ஐ எடுக்கிறார்கள். நான் எடுக்க மாட்டேன். அது டயஸ்டேட்டிகஸ் வகை; மற்ற ஈஸ்ட்டுகள் தொடாமல் விடும் நீளச் சர்க்கரைகளையும் வெட்டித் தின்றுவிடும். 1.048 அடர்த்தியில் தொடங்கும் வோர்ட்டை (நொதிக்காத பீர்ச் சாறு; சர்க்கரை தீரத் தீர அடர்த்தி இறங்கும்) 3944 ஏறக்குறைய 1.012-இல் விட்டால், 06 அதை 1.007 அல்லது அதற்கும் கீழே கொண்டுபோகும். விட்பியருக்குரிய அந்தப் பால் போன்ற மென்மை போய், நாக்கில் வறட்சிதான் மிஞ்சும். கடைசிக்கட்டம் மெதுவாக நடக்கும் என்பதால், முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைப்பதும் ஆபத்து; உள்ளே நொதித்தல் தொடர்ந்து வாயு அழுத்தம் ஏறும். டி-58 அப்படியில்லை. மிளகு வாசம் நன்றாக வரும், சொல்பேச்சும் கேட்கும். மாங்குரோவ் ஜாக்ஸ் எம்21-உம் பரவாயில்லை ரகம்.

எதை எடுத்தாலும் வெப்பநிலைதான் பேசும். 18 டிகிரியில் ஆரம்பித்து, இரண்டு நாள் கழித்து 22 வரை தானாக ஏறவிடுவது என் வழக்கம். தொடக்கத்திலேயே சூடாக வைத்தால் வாழைப்பழ வாசம் முந்திக்கொள்ளும், அது ஜெர்மன் வைசன் (ஜெர்மானியக் கோதுமை பீர்) பக்கம் இழுத்துப் போய்விடும். கிராம்பு இன்னும் வேண்டுமா? மாஷை (வெந்நீரில் ஊறும் தானியக் கலவையை) முதலில் 44 டிகிரியில் 15 நிமிடம் நிறுத்துங்கள். ஃபெருலிக் அமிலம் கூடுதலாக வெளியே வரும்.

அப்புறம், 06-ஐத்தான் போடுவேன் என்றால், அதற்கென்று தனிக் குழாய், தனி பிளாஸ்டிக் கலன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கீறலில் ஒளிந்திருந்தாலும் அடுத்த பீரைச் சத்தமில்லாமல் தின்று, பாட்டிலைப் பொங்கவைத்துவிடும்.