ஆயில் ஃபில்டரும் ஆத்தங்குடி கல்லும்

தேவகோட்டை மச்சான் நேற்று போனில் கேட்டார்: "விலை கூடின ஃபில்டர் போட்டியே மாப்ள, வித்தியாசம் தெரியுதா?"

தெரிகிறது. என்னுடையது பழைய டீசல் கார். ஃபில்டர் படுக்கைவாட்டில் மாட்டியிருக்கும். இரண்டு வருடம் 120 ரூபாய் ஃபில்டரில் ஓட்டினேன். காலையில் சாவியைத் திருகியதும் மூன்று விநாடி கடகடவென்று ஒரு சத்தம், தகர டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்கியது போல. செம்மண் புழுதி என்றார்கள் காரைக்குடியில். புழுதியைத் தடுப்பது ஏர் ஃபில்டர் வேலை, இது வேறு. ராத்திரி ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடிக்க ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. வடிந்துவிட்டால், காலையில் ஆயில் திரும்ப மேலே ஏறும்வரை இன்ஜின் இப்படிக் கடகடக்கும். கழற்றியதை அறுத்துப் பார்த்தால் அந்தக் கறுப்பு ரப்பர் அப்பளம் மாதிரி விறைத்து, ஓரம் சுருண்டு கிடந்தது. (ஹாக்சாவால் அறுக்காதீர்கள். அதன் இரும்புத்தூளைப் பார்த்து இன்ஜினே தேய்ந்துவிட்டதென்று ஒரு ராத்திரி தூங்கவில்லை.)

அப்புறம் 340 ரூபாய் ஃபில்டர் போட்டேன். சத்தம் போயே போச்சு. ஆயில் மட்டும் முன்போலவே சீக்கிரம் கறுத்தது. டீசல் கரி அத்தனை நுணுக்கம், எந்தக் காகிதத்திலும் நுழைந்து போகும், அதை வைத்து ஃபில்டரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் போட்டிருந்த '99 சதவீதம்' வெறும் அலங்காரம். எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளைத் தடுக்கும் என்று சொல்லாத சதவீதத்தை வைத்து என்ன செய்வது?

10,000 கிலோமீட்டர் கழித்து, போன வாரம் சர்வீஸ். அதே ஃபில்டரில் புதிது மாட்டி வந்தேன். பழையதை வீட்டில் அறுத்தேன். காகித மடிப்புகள் ஒன்றுகூடக் கலையவில்லை. ஆரஞ்சு சிலிக்கான் வால்வு விரலுக்கு இன்னும் வளைகிறது. சபாஷ் என்று புரட்டினால், இன்ஜினோடு சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் வெளி வாசரைக் காணோம். பள்ளம் காலி.

வாசர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பார்க்காமல் அதன் மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறார். வாசர் மேல் வாசர், சரியாக அடைக்காது. போர்டிகோவுக்கு ஓடினேன். தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் சட்டி அகலத்துக்கு ஆயில்.

"ஏண்டா, பூவுல மையைக் கொட்டுன?" என்றது அப்பத்தா. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சிமெண்ட் கல், குடித்துவிட்டது.

தப்பு மெக்கானிக்குடையது, கூட நின்ற என்னுடையதும். ஃபில்டர் என்ன செய்யும்? மச்சான், நீங்கள் 340 ரூபாய் ஃபில்டரே வாங்குங்கள். நான் அடுத்த சர்வீசுக்கு 120 ரூபாய் ஃபில்டரை வாங்கி டிக்கியில் போட்டாயிற்று. கடகட சத்தம் திரும்ப வரும், தெரியும். வரட்டும்.