ஹாலஜன், எல்இடி பல்பு, முழு செட்: கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிளின் ஹெட்லைட்டுக்கு எது சரி?

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் கடை வேலை முடித்து, பாயா தெருபோங் வழியாக ஜாலான் துன் சார்டோன் ஏறி, ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பாலிக் புலாவில் இறங்குகிறவன் நான். ஜார்ஜ் டவுனுக்குள் ஓட்டும்போது தெருவிளக்கே பாதி வேலையைப் பார்த்துவிடும். மலை ஏறிய பிறகுதான், வளைவுக்கு அந்தப் பக்கம் மண் கிடக்கிறதா நாய் படுத்திருக்கிறதா என்று தெரியாமல் வேகத்தைக் குறைக்கும்போதுதான், ஹெட்லைட்டின் அருமை புரியும். என் மோட்டாரில் இரண்டு விதமும் மச்சான் மோட்டாரில் ஒரு விதமும் போட்டு இதே பாதையில் ஓட்டிப் பார்த்தோம்.

பலரும் முதலில் எல்இடி பல்புக்குத்தான் போகிறார்கள், நானும் போனேன். காரணம் இருக்கிறது. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் பகலிலும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட வேண்டும். ஹாலஜன் பல்புக்குள் இருப்பது மெல்லிய கம்பிச்சுருள், அதன் ஆயுள் சில நூறு மணி நேரம்தான், இதில் காலை முதல் ராத்திரி வரை எரிந்துகொண்டு குழியிலும் குதித்தால் எத்தனை நாள் தாங்கும்? எல்இடியில் அறுந்துபோகச் சுருளே கிடையாது. மின்சாரமும் குறைவு. என் மோட்டாரில் இருந்த எச்எஸ்1 வகை ஹாலஜன் பல்பு 35 வாட், நான் வாங்கிய எல்இடி 18 வாட். பகலில் எதிரே வரும் லாரிக்காரர் கண்ணில் படுவதற்கு அந்த வெள்ளை வெளிச்சம் உண்மையிலேயே நல்லது, இதில் எல்இடிக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ராத்திரியில்தான் கதை மாறியது. மாட்டிய அன்றைக்கு வீட்டு வாசலில் நின்று பார்த்தபோது பளிச்சென்று சந்தோஷமாக இருந்தது. மலையில் ஏறியதும் முன்சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் தரை வெள்ளையாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் முன்பைவிட இருட்டு. பக்கத்துத் தரை அதிகம் பளிச்சிட்டால் கண்மணி சுருங்கிவிடும், தூரத்தில் விழுகிற கொஞ்ச வெளிச்சமும் கண்ணுக்கு எட்டாது. எதிரே வந்த ஒவ்வொரு காரும் எனக்கு ஹைபீம் அடித்துக் காட்டியது, நான் போட்டிருந்ததோ லோபீம்.

ஏன் இப்படி என்று கழற்றி இரண்டு பல்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டரை வடிவமைத்தவர்கள், சுருள் சரியாக எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு அந்தக் குழிவை வளைத்திருக்கிறார்கள். எச்4, எச்எஸ்1 ஆகிய இரண்டு பல்பு வகையிலும் லோபீம் சுருளுக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைப்பதால்தான் எதிரே வருபவர் கண்ணில் ஒளி படாமல் கோடு போட்ட மாதிரி வெட்டி நிற்கிறது. எல்இடியில் சுருளுக்குப் பதிலாக ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தரும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும், சில்லு சற்று முன்னே பின்னே இருந்தாலும், ரிஃப்ளெக்டருக்கு அது வேறு பல்பு. வெளிச்சம் சிதறிவிடும், வெட்டுக்கோடு கலைந்துவிடும். மாட்டும்போது சில்லுகள் மேலும் கீழும் இல்லாமல் இடமும் வலமும் பார்த்து நிற்க வேண்டும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் போல. கடையில் அவசரமாகச் செருகும் போமன்கள், அதாவது மெக்கானிக்குகள், பலர் இதைக் கவனிப்பதில்லை. என்னுடையதும் சாய்ந்துதான் இருந்தது, திருப்பிச் சரிசெய்ததும் பாதி சிதறல் குறைந்தது. மீதிப் பாதி போகவே இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் லூமன் கணக்கை, அதாவது வெளிச்ச அளவை, நம்பாதீர்கள். எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் கொடுத்தாலே நல்லது, அப்படியானால் 18 வாட் பல்பு 20,000 லூமன் எப்படிக் கொடுக்கும்? அப்புறம் சூடு. எல்இடி தன் சூட்டைப் பின்பக்கம் தள்ளும், அங்கேதான் குட்டி விசிறியும் இருக்கும். நம் கப்சாயின் ஹெட்லைட்டுக்குள் காற்றோட்டமே கிடையாது, சூடு ஏற ஏற வெளிச்சம் தானாகக் குறையும். என் பல்பின் விசிறி ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கண்ணாடிக்குள் படியும் ஈரத்தை ஹாலஜனின் சூடு காயவைத்துவிடும், எல்இடியில் அது அப்படியே நிற்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடி, விட்டால் மங்கும் பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து இல்லாமல், இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து நேராக ஏசி மின்சாரம் வருகிறது, சாதாரண எல்இடி பல்பு அதில் மினுக்கும், சீக்கிரம் போய்விடும்.

ஹாலஜனுக்கே திரும்பினேன், ஆனால் இந்த முறை ஒயரைப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்தால் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் முனையில் 12.1. மெல்லிய ஒயரும் துருப்பிடித்த சுவிட்சும் மீதியைத் தின்றுவிட்டன. ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். அதாவது இத்தனை நாளும் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை ஒயரிலேயே விட்டுவிட்டு பல்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயர் இழுத்து, பழைய சுவிட்ச் வழியாகப் போகாமல் பல்புக்கு நேராக மின்சாரம் விடும் ரிலே இரண்டு போட்டேன், ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று. அதே 35 வாட்டில் புதிய பல்பு, மஞ்சளடித்துக் கிடந்த கண்ணாடிக்குப் பாலிஷ். எல்லாம் சேர்த்து எல்இடிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த செலவுதான் ஆனது. வெளிச்சம் பளிச்சென்று இல்லை, மஞ்சள்தான். ஆனால் வளைவு தெரிகிறது, எதிரே வருபவர் திட்டுவதில்லை. நீலப்பூச்சுப் பல்பு பக்கம் போகாதீர்கள், அந்தப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டத்தான் செய்கிறது. 100 வாட் பல்பும் வேண்டாம், பிளாஸ்டிக் சாக்கெட் உருகிவிடும்.

மச்சானுடையது 7 அங்குல வட்ட ஹெட்லைட். அவர் பல்பை விட்டுவிட்டு, லென்ஸும் சில்லும் ஒன்றாகச் செய்த முழு எல்இடி செட்டை மாட்டினார், தர அங்கீகாரத்தைக் காட்டும், வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும் பொறித்ததாகத் தேடி வாங்கியது. மூன்றிலும் அதுதான் சிறந்தது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லோபீமின் வெட்டுக்கோடு சுவரில் ஸ்கேல் வைத்த மாதிரி நிற்கிறது. விலைதான் என் மொத்தச் செலவைப் போல் ஐந்து மடங்கு, என் மோட்டாரின் முகத்துக்குப் பொருந்தும் செட்டும் கிடையாது. ஜெர்மனியில் 2020-இல் முதன்முதலாக மாற்று எல்இடி பல்பை அனுமதித்தபோதுகூட எல்லா வண்டிக்கும் சேர்த்து விடவில்லை, எந்தெந்த மாடலின் விளக்கில் சோதித்தார்களோ அவற்றுக்கு மட்டும்தான். பல்பும் ரிஃப்ளெக்டரும் ஜோடி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? இங்கே ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையின் சோதனையில் விளக்கை மாற்றியிருப்பதும் கண்ணில் படும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, வட்ட ஹெட்லைட்டும் கையில் காசும் இருந்தால் முழு செட். ராத்திரிப் பயணமே இல்லாமல் பகலில் டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு எல்இடி பல்பு போதும், சில்லைத் திருப்பிச் சரிபார்த்து மாட்டினால். மலையேறும் கப்சாய்க்கு ரிலேயும் ஹாலஜனும்.

எதைப் போட்டாலும் உயரத்தைச் சரிபாருங்கள். சுவருக்கு 5 மீட்டர் தள்ளி மோட்டாரை நிறுத்தி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, லோபீமின் மேல்கோடு விளக்கின் நடுப்பகுதி உயரத்தைவிட 5 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகுங்கள். என் மனைவி பின்னால் ஏறினால் பின்பக்கம் அமுங்கி அந்தக் கோடு மேலே போய்விடுகிறது, அதனால் எங்கள் மோட்டாரை இரண்டு பேரும் உட்கார்ந்துதான் திருகி வைத்திருக்கிறோம்.