ஹார்ட் டிஸ்க்கா, டிரைவா, நாஸ் பெட்டியா, டேக் போடுறதா: ரெண்டு பாஷைல வேலை பாக்குற டிசைன் ஆபீஸுக்கு எது சரிப்படும்?

ஆடித் தள்ளுபடி போஸ்டர முடிச்சு நிமிர்றதுக்குள்ள ஓணம் வந்து நின்னுரும், செங்கோட்டைல டிசைன் வேலை பாக்குறவங்களுக்கு ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் இதான் நெலம. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோட இருந்த ஊரு இது, அதனால இங்க உள்ள கடைக்காரங்களுக்கு ஆரியங்காவு தாண்டி கேரளாவுலயும் சொந்தம் உண்டு, வியாபாரமும் உண்டு. நமக்கு ஆடி, அதே மாசம் அங்க கர்க்கிடகம், அடுத்து சிங்கம் மாசம் பொறந்துட்டா ஓணம். ஒரே போட்டோ, தமிழ்ல ஒண்ணு மலையாளத்துல ஒண்ணு, பிளெக்ஸ், பேப்பர் விளம்பரம், இன்ஸ்டா, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்னு அஞ்சாறு சைஸ், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு கரெக்‌ஷன். ஒரு கடையோட ஒரு சேலுக்கே 40 ஃபைல் சாதாரணமா வந்துரும்.

ஆபீஸ்ல நாங்க நாலு பேரு, மலையாளம் டைப் பண்ணித் தர்ற சேச்சி ஒருத்தங்க 50 கிலோமீட்டர் தள்ளி புனலூர்ல வீட்டுல இருந்தே வேலை பாக்காங்க. போன வருஷம், அதாவது 2025 ஆகஸ்ட்ல, ஜவுளிக்கடை அண்ணாச்சி போன் போட்டாங்க. "தம்பி, போன ஓணத்துக்குப் பச்சக் கரை போட்ட கசவு சேலை படம் ஒண்ணு போட்டியள்லா, அதயே எடுத்துப் போட்ருங்க, சாயந்தரம் பேப்பருக்குக் குடுக்கணும்"னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. அண்ணாச்சி போன வச்சதுல இருந்து அந்த ஒரிஜினல் ஃபைல் கைக்கு வர எத்தன நிமிஷம் ஆகுது, நான் எல்லாத்தயும் இத வச்சுத்தான் அளக்குறேன். எத்தன டெராபைட் (டிபி) இடம், என்ன விலைங்கறது எல்லாம் அதுக்கப்புறம்தான்.

எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்ல ஆரம்பிக்கலாம், ஏன்னா எங்க ஏரியால முக்காவாசி ஆபீஸு அதுலதான் ஓடுது. விலை கம்மி, நெட்டு வேண்டாம், பாக்கெட்ல போட்டு பிரஸ்ஸுக்கு எடுத்துட்டுப் போகலாம். ஆனா டிஸ்க்கு ஒரு சிஸ்டத்துல மாட்டியிருக்கிறப்ப மத்த மூணு பேருக்கு அது இல்ல, அதனால ஆளுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சுக்குவாங்க, அவங்கவங்க காப்பில அவங்கவங்க திருத்துவாங்க, கடைசில "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் நியூ"ன்னு மூணு ஃபைல் நாலு இடத்துல கிடக்கும், எது பிரிண்டுக்குப் போனதுன்னு யாருக்கும் தெரியாது. எங்க டிஸ்க் ஒண்ணு டேபிள்ல இருந்து விழுந்து ரெண்டு வருஷ வேலை போச்சு. அண்ணைக்கு ஆபீஸ்ல யாரும் சாப்பிடல. தனி ஆளா வேலை பாக்குறவங்களுக்கு ரெண்டு டிஸ்க் வாங்கி மாத்தி மாத்தி காப்பி எடுக்குறது இன்னமும் நல்ல வழிதான், நாலு பேரு சேர்ந்தா அது தாங்காது.

அடுத்து கூகுள் டிரைவ். ஃப்ரீயா 15 ஜிபி, ஆனா அது ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்து, டிசைன் ஆபீஸுக்கு ஒரு வாரம் கூட வராது, காசு கட்டித்தான் ஆகணும். நல்லது என்னன்னா புனலூர் சேச்சிக்கு லிங்க் அனுப்புனா போதும், கஸ்டமருக்கும் லிங்க்தான், போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைலும் இல்லஸ்ட்ரேட்டரோட ஏஐ ஃபைலும் பிரவுசர்லயே தெரியும். கோரல் டிரா சாஃப்ட்வேரோட சிடிஆர் ஃபைல் தெரியாது, நம்ம பக்கம் பிளெக்ஸ் வேலை பூரா கோரல்தான், அப்ப பாதி ஃபைலு வெறும் ஐக்கனாத்தான் தெரியும். இன்னொண்ணு வேகம். 20க்கு 10 அடி பிளெக்ஸ 72 டிபிஐல வச்சாலே 17,280 பிக்சலுக்கு 8,640 பிக்சல் வருது, பிரிண்டுக்கான நாலு கலர்ல, அதாவது சிஎம்ஒய்கேல, ஒத்த லேயர் மட்டுமே கிட்டத்தட்ட 600 எம்பி. லேயர் எல்லாம் சேர்ந்து 800 எம்பில ஒரு பிஎஸ்டி இருந்தா, அப்லோடு 20 எம்பிபிஎஸ் ஒழுங்கா கிடைச்சாலும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகும், சீசன் காத்துல லைன் போயிட்டுப் போயிட்டு வந்தா எவ்வளவு ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

இதெல்லாத்தயும் விட நான் முக்கியமா சொல்ல நெனைக்கிறது ஃபைல் யாரோடதுங்கறத. சாதாரண ஜிமெயில் அக்கவுண்ட்ல ஃபைல ஏத்துனவங்கதான் அதுக்கு ஓனர், ஃபோல்டர் நம்ம ஆபீஸோடதா இருந்தாலும் சரி. எங்ககிட்ட வேலை பாத்த தம்பி ஒருத்தர் வேற ஊருக்கு வேலை கிடைச்சுப் போனாரு, கொஞ்ச நாள் கழிச்சு இடம் பத்தலன்னு தன்னோட டிரைவ கிளீன் பண்ணிருக்காரு, எங்க ஆறு மாச வேலையும் அதோட போயிருச்சு. டெலீட் ஆனது டிராஷ்ல 30 நாள்தான் இருக்கும், நாங்க கவனிச்சப்ப அது தாண்டிருச்சு. அந்தத் தம்பி மேல தப்பே இல்ல, ஆபீஸ் ஃபைல தனி ஆள் அக்கவுண்ட்ல ஏத்த விட்டது நான்தான். காசு கட்டுற கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல ஷேர்டு டிரைவ்னு ஒண்ணு உண்டு, அதுல ஃபைல் ஆளுக்குச் சொந்தம் இல்ல, டீமுக்குச் சொந்தம், ஆள் போனாலும் ஃபைல் நிக்கும். நீங்க எடுக்குற பிளான்ல அது இருக்கான்னு கேட்டுட்டு எடுங்க, இல்லாட்டி எடுக்காதீங்க.

டிராப்பாக்ஸ் பத்தி ஒரு வரி: பெரிய ஃபைல்ல ஒரு சின்னத் திருத்தம் பண்ணா மாறுன துண்ட மட்டும்தான் ஏத்தும், கனமான பிஎஸ்டி வேலைக்கு அது நல்லா தெரியும். ஃப்ரீல 2 ஜிபிதான்.

இப்ப நாஸ். நாங்க வந்து சேர்ந்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஒரு சின்னப் பெட்டி, உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க், ரவுட்டர்ல கேபிள் போட்டா ஆபீஸ்ல எல்லா சிஸ்டத்துலயும் ஒரு டிரைவா தெரியும். 4 டிபி டிஸ்க் ரெண்டு போட்டு ரெய்டு 1 வச்சா நமக்குக் கிடைக்கிறது 4 டிபிதான், ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதிரும், ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிக்காது. ஜிகாபிட் கேபிள்ல செகண்டுக்கு 100 எம்பிக்கு மேலயே போகும், அந்த 800 எம்பி பிஎஸ்டி எட்டு செகண்ட்ல வந்துரும். யாரு எந்த ஃபோல்டர பாக்கலாம், யாரு அழிக்கலாம்னு தனித்தனியா வைக்கலாம், நாங்க முடிஞ்ச வேலை ஃபோல்டர்ல அழிக்கிற உரிமைய ஒருத்தருக்கு மட்டும்தான் குடுத்துருக்கோம்.

கஷ்டம் என்னன்னா மொதல்ல ஒரு பெரிய தொகை போடணும். கரண்டு போயி போயி வர்ற ஊர்ல யுபிஎஸ் இல்லாம வைக்கவே கூடாது, குத்தாலம் சீசன் காத்துல ஒரு நாளைக்கு எத்தன தடவ கட் ஆகும்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும். நிறைய பேரு ரெய்டு போட்டாச்சு, பேக்கப் ஆச்சுன்னு நிம்மதியா இருக்காங்க, அது பேக்கப் இல்லங்க. ஒரு ஃபோல்டர தெரியாம அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் ஒண்ணாத்தான் அழியும். பீட்டர் க்ரோக்ங்கற அமெரிக்க போட்டோகிராஃபர் பரப்புன 3-2-1 கணக்கு இதுக்குத்தான்: மூணு காப்பி, ரெண்டு வித மீடியா, ஒண்ணு வெளி இடத்துல. எங்களுக்கு நாஸ் ஒண்ணு, ராத்திரி காப்பி ஆகுற எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒண்ணு, முடிஞ்ச வேலை மட்டும் டிரைவ்ல ஒண்ணு. சேச்சியும் அந்த டிரைவ்லதான் எடுத்துக்குவாங்க.

இது எல்லாமே வைக்கிற இடம்தான். அண்ணாச்சி கேட்ட பச்சக் கரை சேலைய நாஸ் தேடித் தராது, அதுக்கு டேக் வேணும், அதாவது ஃபைலோட சேர்த்து எழுதி வைக்கிற தேடுற வார்த்தை, கீவேர்டு. ஃபைல அடுக்கித் தேடுற சாஃப்ட்வேர் அடோபி பிரிட்ஜ் ஃப்ரீயா கிடைக்கும், அடோபி ஐடி ஒண்ணு இருந்தா போதும், போட்டோவுக்கு ஸ்டார் போடலாம், கீவேர்டு எழுதலாம், நூறு ஃபைலுக்கு ஒரே நேரத்துல பேரு மாத்தலாம். அந்தக் கீவேர்டு ஜேபெக், பிஎஸ்டி ஃபைலுக்குள்ளயே போய் உக்காந்துக்கும், நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு மாறுனாலும் கூடவே வரும், எனக்கு இதான் ரொம்பப் பிடிச்சது. இதே வேலைக்கு ஈகிள்னு இன்னொரு சாஃப்ட்வேர், பாக்க அழகா இருக்கும், தேடுறதும் வேகம், ஒரு தடவ காசு குடுத்தா போதும், ஆனா அது ஃபைல எல்லாம் தன்னோட லைப்ரரிக்குள்ள காப்பி எடுத்துக்கும், எங்கள மாதிரி இடத்துல இடம் ரெண்டு மடங்கு ஆயிரும். ரெஃபரன்ஸ் படம் சேக்குற தனி டிசைனருக்கு அது ரொம்ப நல்லது. ரிசோர்ஸ்ஸ்பேஸ்னு ஓப்பன் சோர்ஸ் ஒண்ணு இருக்கு, சர்வர் பாத்துக்கத் தெரிஞ்ச ஆள் இருந்தா மட்டும் கை வைங்க. பைண்டர், பிராண்ட்ஃபோல்டர் மாதிரி சாஃப்ட்வேர் எல்லாம் நூறு பேரு இருக்குற கம்பெனிக்கு.

கோரல் ஃபைலுக்கு எங்க சிஸ்டத்துல பிரிட்ஜும் ஐக்கன்தான் காட்டுச்சு, அதுக்கு ஒரு வழி பண்ணுனோம். ஒவ்வொரு சிடிஆர் பக்கத்துலயும் அதே பேர்ல ஒரு சின்ன ஜேபெக் வைக்கிறது, கீவேர்டு எல்லாம் அந்த ஜேபெக்ல எழுதுறது. தேடுனா ஜேபெக் வரும், பக்கத்துலயே சிடிஆர்.

எத எடுத்தாலும் ரெண்டு விஷயம் நம்ம பார்டர்காரங்கள கவுத்துரும். ஒண்ணு ஃபாண்டு. பழைய மலையாள வேலை பூரா எம்எல் டிடி கார்த்திகா மாதிரி யூனிகோட் இல்லாத, அதாவது இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல மலையாள உருவத்த வச்ச ஃபாண்டுல இருக்கு. பிரஸ்ல அந்த ஃபாண்டு இல்லாம ஒரு தடவ எங்க ஃபைல திறந்துட்டாங்க, ஓணம்னு இருக்க வேண்டிய இடத்துல பெரிய எச், சின்ன எம், பெரிய டபிள்யூ, சின்ன டபிள்யூன்னு இங்கிலீஷ் எழுத்து, அவங்களுக்கு மலையாளம் தெரியாது, 20க்கு 10 பிளெக்ஸ் அப்படியே ஓடி வந்துருச்சு. அண்ணைல இருந்து பிரிண்டுக்குப் போறது கர்வ் போட்டு, அதாவது எழுத்த வெறும் வடிவமா மாத்தி ஒண்ணு, திருத்துறதுக்கு கர்வ் போடாம ஒண்ணு, கோரல்ல கலெக்ட் ஃபார் அவுட்புட் குடுத்து ஃபாண்டயும் அதே ஃபோல்டர்ல வச்சுருவோம்.

இன்னொண்ணு ஃபைல் பேரு. புனலூர்னு மலையாளத்துல எழுதுனா கடைசில வர்ற அந்த "ர்" சில்லு எழுத்து, அதாவது உயிர் சேராத தனி மெய், 2008ல யூனிகோட் 5.1 வந்தப்ப அதுக்குத் தனி குறியீடு குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி வேற மாதிரி சேர்த்து எழுதுனது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற, சேச்சி ஒரு கீபோர்டுல அடிச்சத நாங்க இன்னொண்ணுல தேடுனா கிடைக்காது. தமிழ்ல ஒரு எழுத்துக்குறி மூணு பைட் எடுக்கும், நாஸ்ல பேருக்கு 255 பைட்டுதான், அப்ப நீளமா வைக்கவும் முடியாது. அதனால ஃபைல் பேரு இங்கிலீஷ் எழுத்துலதான்: வருஷம், மாசம், தேதி மொதல்ல, அப்புறம் கடையோட சுருக்கம், வேலை, சைஸ், பாஷை, வெர்ஷன் நம்பர். ஃபைனல்ங்கற வார்த்தை எங்க ஆபீஸ்லயே கிடையாது. தமிழு, மலையாளம் எல்லாம் கீவேர்டுல, அதுலயும் சில்லு வர்ற பேர மட்டும் ரெண்டு மாதிரியும் அடிச்சு வச்சுருக்கோம்.

என்கிட்ட கேட்டா, ஆபீஸ்ல மூணு பேருக்கு மேல ஒண்ணா உக்காந்து கனமான ஃபைல்ல வேலை பாத்தா நாஸும் பிரிட்ஜும். ஆளாளுக்கு வேற வேற ஊர்ல இருந்து சோஷியல் மீடியா வேலை மட்டும்னா ஷேர்டு டிரைவ், நாஸ் வாங்கி காச முடக்க வேண்டாம்.

அண்ணாச்சி கேட்ட படத்துக்கு வர்றேன். கசவு, பச்சக் கரை, 2024 ஓணம்னு போட்டேன், ரெண்டு நிமிஷத்துல வந்துருச்சு. ஆனா கூடவே இன்னொரு கீவேர்டும் இருந்துச்சு: "உரிமை 2025-08-31 வரை". அந்தப் படத்துல நிக்கிற பொண்ணுகிட்ட ஒரு வருஷத்துக்குத்தான் எழுதி வாங்குனது, எடுத்த அண்ணைக்கே அத ஏத்திட்டோம். பேப்பர்ல வர்றது ஆகஸ்ட் 29, அதுக்குத் தாராளமா அனுப்புனோம். போஸ்டர் திருவோணம் முடியற வரைக்கும், அதாவது செப்டம்பர் 5 வரைக்கும் செவுத்துல இருக்கும்னு அண்ணாச்சி சொன்னதும், "அதுக்கு இந்தப் படம் வேண்டாம் அண்ணாச்சி, ஆள் இல்லாம சேலைய மட்டும் மடிச்சு வச்சு எடுத்தது ஒண்ணு இருக்கு, பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு அத அனுப்பி வச்சேன்.