சிங்கக்கால், உருண்டைக்கால், பலகைக்கால்: எதைக் கொண்டுவருவது?

குடியாத்தத்துப் பழைய வீட்டைக் காலி செய்தபோது, சத்துவாச்சாரி வீட்டில் ஒரே ஒரு மரச்சாமானுக்குத்தான் இடம் இருந்தது. கையில் மூன்று. மூன்றுமே வெள்ளைக்காரர் பாணியில் உள்ளூர் ஆசாரி செய்தவை. மேலே எல்லாம் ஒரே தேக்குதான். வித்தியாசம் காலில்.

பார்த்ததும் மனம் போவது மேசை மேல்தான். பறவை நகம் பந்தைப் பற்றிய கால். அத்தைக்கு அது ‘சிங்கக்கால்’. டிராகன் முத்தைப் பற்றும் சீன வடிவத்திலிருந்து வந்தது என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் இதற்கு ஏக மவுசு. எனக்கோ வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளிதான் ஞாபகம் வரும். நல்ல வேலை என்றால் விரல் கணு புடைத்து, நகம் பந்தில் அழுந்தித் தெரிய வேண்டும். எங்கள் மேசையின் முன்னங்கால்கள் அப்படித்தான். பின்னங்காலுக்கு வந்தபோது ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது போல; வெறும் கோடுகள். நக இடுக்குத் தூசிக்குப் பழைய டூத் பிரஷ் வேண்டும்.

இழுப்பறைப் பெட்டிக்குப் பலகைக்கால். மூலைக்கு மூலை இரண்டு பலகையை இணைத்தது. அடக்கமான அழகு. ஆனால் உள்ளே இருக்கும் முட்டுக்கட்டையைக் கரையான் தின்றால் வெளியே தெரியாது. எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணமும் வைக்க முடியாது.

பீரோவுக்கு உருண்டைக்கால். கடைசலில் உருட்டி எடுத்தது. உச்சியில் உள்ள முளை அடிப்பலகைத் துளையில் இறங்கும். டச்சுக்காரர்கள் பக்கமிருந்து 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போன பாணி. பிறகுதான் அங்கே பலகைக்கால் பரவியது. தரையைத் துடைக்கும் ஈரத்தை அடிப்பக்கம் உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் ஒரு கால் உளுத்தால் அதை மட்டும் கழற்றிக் கடைசல் பட்டறையில் கொடுத்துவிடலாம். சிங்கக்காலை அப்படி மாற்ற முடியுமா? காலும் நகமும் ஒரே கட்டை.

இழுப்பறைப் பெட்டியைக் குப்புறச் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பலகையில் நான்கு வட்டத் துளைகள். சரிதான், அதற்கும் ஒரு காலத்தில் உருண்டைக்கால்தான். யாரோ பிடுங்கிவிட்டுப் பலகை அடித்திருக்கிறார்கள்.

பீரோவை வண்டியில் ஏற்றினேன். அத்தை வாசலில் நின்று, “சிங்கத்த விட்டுட்டு லட்டத் தூக்கினு போறியேடா” என்றார்.