பொதுக் கிடங்கா, அவரவர் பிரதியா?

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, இரண்டு சர்வர் சேர்ந்து இயங்கும் கிளஸ்டர். நிறுவன நிர்வாகத்துக்கான எஸ்ஏபி மென்பொருளின் இயங்கு கோப்புகளை, இரண்டு சர்வரும் நெட்வொர்க் வழியே எட்டும் பகிர்வு வட்டில் மட்டும் வைப்பதா, ஒவ்வொரு சர்வரிலும் பிரதி வைப்பதா?

பகிர்வு வட்டென்றால் ஒரே இடத்தில் புதுப்பித்தால் போதும். சௌகரியம்தான், நெட்வொர்க் உயிரோடு இருக்கும்வரை. சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் ஒரு நிரலை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றுவதில்லை; தேவையான பகுதியை அவ்வப்போது கோப்பிலிருந்து எடுக்கிறது. ஐப்பசி மழையில் பகிர்வு வட்டை எட்டவைக்கும் என்எஃப்எஸ் இணைப்பு நின்றால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் உறைந்துபோகலாம். இதனாலேயே என் ஓட்டு பிரதிக்கு. வட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் போகும், போகட்டும்.

பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்படாதா? அதற்குத்தான் சாப்சிபிஇ என்ற எஸ்ஏபி நிரல்: இன்ஸ்டன்ஸ், அதாவது ஒரு சர்வரில் ஓடும் எஸ்ஏபி, தொடங்கும்போது பகிர்வு வட்டிலுள்ள மையக் கோப்புறையோடு ஒப்பிட்டு, மாறியதை நகலெடுக்கும். ஆனால் மையத்தில் எஸ்ஏபி கெர்னலை, அதாவது அந்த இயங்கு கோப்புகளை, மாற்றிவிட்டு இன்ஸ்டன்ஸ் மறுதொடக்கத்தை மறந்தால் பழையதே ஓடும். நான் மறந்திருக்கிறேன், கோத்தகிரி வரை போனவன் இரவோடிரவாகத் திரும்பி வந்தேன்.