உறையில் விடுபட்ட சொல்

இம்முறை யாழ்ப்பாணப் பயணத்தில் பஸ், வங்கி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. சின்னம்மாவின் குளிசை உறைகள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

மூட்டுவாதத்துக்குப் புதிதாக மெதோட்ரெக்சேட் எழுதியிருந்தார்கள். நகரத்துப் பார்மசி ஒன்றில் இரண்டு கடதாசி உறைகளில் போட்டுக் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் ஆங்கிலக் கிறுக்கல். ஒன்றில் '4, இரவு', மற்றதில் '1'. இரண்டும் மஞ்சள் குளிசைகள். ஒன்று கிழமைக்கு ஒருமுறை என்று டொக்டர் சொன்னது சின்னம்மாவுக்கு நினைவிருந்தது. எது என்பதுதான் மாறிவிட்டது. பக்கவிளைவைக் குறைக்க அதோடு கொடுக்கும் ஃபோலிக் அமில விற்றமினைக் கிழமைக்கு ஒன்றாகவும் மெதோட்ரெக்சேட்டை இரவுதோறும் நான்காகவும் விழுங்கியிருக்கிறார்.

ஆறாம் நாள் காலை, புட்டும் சம்பலும் வைத்த கோப்பையைத் தள்ளிவிட்டார். உதட்டின் உட்புறம் முழுவதும் வெள்ளைப் புண்கள். கிளினிக் கொப்பியைப் பிரித்தேன். கிழமைக்கு ஒருநாள் என்று தெளிவாக எழுதியிருந்தது.

மெதோட்ரெக்சேட் இரத்தப் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து. உடற்கலங்கள் பெருகத் தேவையான ஃபோலேட் என்ற அந்த விற்றமினின் வேலையைத் தடுப்பது. மூட்டுவாதத்துக்குச் சிறிய அளவில் கிழமைக்கு ஒருமுறைதான். தினமும் போட்டால் வாயும் குடலும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படும், உயிரே போகலாம். சின்னம்மாவின் வெள்ளணுக்கள் இறங்கியிருந்தன. மருந்தின் நச்சை முறிக்கும் ஃபோலினிக் அமில ஊசி ஏற்றி, வார்டில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள்.

ஸ்காபரோவில் என் மாமியும் இதே குளிசைதான் போடுகிறார். போத்தலில் 'புதன் மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். மருந்தாளர் ஒவ்வொரு முறையும் வாயாலும் சொல்லுவார். கனடாவைப் பார்த்துத்தான் இதைக் கற்க வேண்டுமா? என் சிறுவயதில் ஊர் டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணீர்ப் போத்தலின் பக்கத்தில் கடதாசிப் பட்டி ஒட்டி, வேளைக்கு வேளை எவ்வளவு என்று அதிலே வெட்டிக் காட்டுவார்கள். எழுத்தறியாத ஆச்சிக்கும் அது விளங்கியது. அந்த அக்கறை எங்கே போனது?

உறைகளோடு பார்மசிக்குப் போனேன். "சனம் வரிசையில் நிற்கிறது, அக்கா" என்றார் அந்தத் தம்பி. அவர் களைத்திருந்தார், உண்மைதான். ஆனாலும் 'புதன்' என்று எழுத எத்தனை நொடி? வார்டில் இருந்த தாதிக்கு அதைவிட வேலை. அவர் சிவப்புப் பேனையால் தமிழில் பெரிதாக எழுதி, சின்னம்மாவை இரண்டு தடவை வாசிக்க வைத்த பிறகே வீட்டுக்கு விட்டார்.

இரண்டு மாதம் கழித்து மருந்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். புதன் இரவு தொலைபேசியில் அழைத்து, நான்கையும் எனக்குக் கேட்க எண்ணிப் போடச் சொல்கிறேன்.